வியாழக்கிழமைத் தண்ணீர்

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சைகல் மேட்டுத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள்.

மணி பதினொன்று எட்டு. அவளுடைய முறை பதினொன்றுக்கு ஆரம்பித்துப் பதினொன்று ஐம்பதுக்கு முடியும். பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை, ஐம்பதே நிமிடம். அதில் ஏழு நிமிடம் ஒழுங்காக வந்தது. எட்டாவது நிமிடத்தில் வாய்க்கால் களக்கென்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான், நின்றுவிட்டது. தக்காளியின் முதல் வரிசைகூட முழுதாக நனைந்திருக்கவில்லை. மண் குடித்த வேகத்தில் தண்ணீர் வந்த தடம்கூட மிஞ்சவில்லை.

மேலே யாரோ தகட்டை இறக்கிவிட்டார்கள்.

ஒரு ரப்பர் செருப்பு வாசலிலேயே அறுந்துவிட்டிருந்தது. நாலு வீடு தாண்டியதும் இன்னொன்றையும் உதறிவிட்டாள். ஆகஸ்ட் மாதக் கடைசி வெயிலில் பிஷ்கெக்கின் தார் ரோடு தோசைக்கல்லாகக் கிடந்தது. காலுக்கு அது உறைக்கவில்லை. தெருவின் மேல்கோடியில், நெடிய பாப்ளர் மரங்களுக்கும் மின்கம்பிகளுக்கும் அப்பால், பனிமலை பளபளவென்று நின்றது. அத்தனை பனியும் உருகி எங்கேதான் போகிறதோ! மலையிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து தெரு வாய்க்கால், தெரு வாய்க்காலிலிருந்து சைகலின் பதினைந்து சென்ட் தோட்டம். வருகிற வழியில் எத்தனை பேர் கை வைப்பார்கள்!

காலையிலிருந்தே யாரும் சரியில்லை. விடிந்ததும் விடியாததுமாக நாத்தனார் பெர்மெத் வந்து, "அண்ணி, என் போன்ல காசில்ல, ஒரே ஒரு கால் பேசிட்டுத் தரேன்" என்று சைகலின் போனை வாங்கிக்கொண்டு போனாள். ஐந்து மணி நேரமாகிறது, போனும் இல்லை, பெர்மெத்தும் இல்லை. போகிற போக்கில் ஐந்து வயது மகள் மீரிமையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "எங்க வீட்ல வெளையாடட்டும்." அடுத்து மேல்வீட்டு ஜுமாகுல் ஆளனுப்பி, ஜாடி கொதிக்க வைக்கிற பெரிய கொப்பரையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அரை மணி நேரத்துக்கு என்றுதான் பேச்சு. கொப்பரை இல்லாமல் சைகல் வாளியில் மூன்று மூன்றாக ஜாடிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது தண்ணீரும் போயிற்று. ஊரெல்லாம் சேர்ந்து இன்றைக்கு அவளை மொட்டையடிப்பது என்று முடிவு செய்துவிட்டதோ என்னவோ!

நூற்று அறுபது ஜாடி. அதுதான் கணக்கு.

மார்ச் மாதம் ரஷ்யாவின் யெகாடெரின்பர்க் போகிற பஸ்ஸின் ஜன்னலில் தலையை நீட்டிப் புருஷன் ஜெனிஷ் சொன்ன கணக்கு. அங்கே சிமெண்ட் கல் அறுக்கிற பட்டறையில் அவனுக்கு இது ஐந்தாவது வருடம். டிசம்பரில் வருவான், இருமிக்கொண்டே ஒரு மாதம் தூங்குவான், குழந்தைக்கு அவன் முகம் பழகுகிற நேரத்தில் மறுபடி பையைக் கட்ட ஆரம்பித்துவிடுவான். இந்தத் தடவை பஸ்ஸின் படியிலேயே சைகல் மறித்தாள். "போதும். தோட்டம் சோறு போடும். நான் போட வைக்கிறேன்." ஜெனிஷ் சிரித்தான். ஏறி உட்கார்ந்து ஜன்னலைத் தள்ளித் திறந்தான். "சரி. நவம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும் கடையில ஒரு வெங்காயம்கூட வாங்காம ஓட்டற மாதிரி நெலவறைய ரொப்பிக் காட்டு. நூத்தி அறுபது ஜாடி. வரிசையா அடுக்கி போட்டோ அனுப்பு. அன்னிக்கே மூட்டையக் கட்டிட்டு வந்துடறேன். ஒண்ணு கொறஞ்சாலும் இன்னொரு வருஷம், பாத்துக்கோ!"

அவன் விளையாட்டாகச் சொன்னான். சைகல் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் முற்றத்தைக் கொத்தினாள். வேலியோரம் உருளைக்கிழங்கு, அதற்கு உள்ளே பீட்ரூட், காரட், மக்காச்சோளம், சோளத்தின் தண்டிலேயே ஏறிக்கொள்ள பீன்ஸ். கழிப்பறைக் கூரைமேல் பூசணிக் கொடி. அடுப்புச் சாம்பல் ஒரு கை வீணாகாது, முட்டை ஓடு வீணாகாது, துணி அலசிய தண்ணீர் குடைமிளகாய்க்கு. ஆறு கோழிகள் புழுவைத் தின்று முட்டையும் எருவும் தந்தன. ஜூலையில் கூரைத் தகரத்தின் மேல் ஆப்ரிகாட் பழங்களைப் பிளந்து காயப்போட்டு, குளவிகளோடு சண்டை போட்டு நான்கு மூட்டை தேற்றினாள். வெள்ளரிக்காயைச் சதகுப்பைப் பூவும் செர்ரி இலையும் பூண்டும் போட்டு மூடினாள். தகர மூடியை முறுக்கி முறுக்கி வலது உள்ளங்கையில் காய்ப்பு ஏறிவிட்டது. கடையில் வாங்குவது மாவு, உப்பு, சர்க்கரை, எண்ணெய், டீத்தூள் மட்டும். தெரு சிரித்தது. "சைகல் கம்பெனி" என்று பெயர் வைத்தது. சிரிக்கட்டும். நிலவறையில் இன்றைய நிலவரம் நூற்றுப் பன்னிரண்டு. மீதி நாற்பத்தெட்டும் தக்காளி. தொக்காகவும் சாறாகவும் முழுப் பழமாகவும் ஜாடிக்குள் போகவேண்டியவை. அத்தனையும் இந்த நிமிடம் செடியில், பிஞ்சும் காயும் செங்காயுமாகத் தொங்கிக்கொண்டிருக்கின்றன. இன்றைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் அடுத்த முறை பன்னிரண்டு நாள் கழித்து. அதற்குள் அத்தனை காயும் அடி கருகி உதிர்ந்துவிடும்.

உதிர்வது தக்காளி இல்லை, ஜெனிஷ். அவளுக்கு அப்படித்தான் கணக்கு.

ஜுமாகுல் வீட்டு வாசலில் இரும்புத் தகடு வாய்க்காலுக்குக் குறுக்கே இறங்கியிருந்தது. கையும் களவுமாக! சைகல் மண்வெட்டியைத் தரையில் ஊன்றி நின்றாள். மூச்சு வாங்கியது. அதைக்கூடப் பொறுக்காமல் கத்தினாள்.

"ஜுமாகுல் அக்கா! வெளிய வாங்க! தகட்ட யாரு எறக்குனது?"

ஜுமாகுல் வெளியே வந்தாள். முழங்கை வரை மாவு. இந்தத் தெருவில் ஜுமாகுல் வாயைத் திறந்தால் நாய்கூட எழுந்து வேறு நிழல் தேடும். போன வருடம் சைகலின் கோழி ஒன்று அவளுடைய வெங்காயத் தாளைக் கொத்தியதற்கு மூன்று நாள் பேசினாள், கோழியின் பரம்பரை வரைக்கும். ஒன்று சொன்னால் பத்தாகத் திருப்பித் தருகிற பெண். சைகல் அந்தப் பத்துக்கும் தயாராகத்தான் நின்றாள்.

"நான்தான்" என்றாள் ஜுமாகுல்.

"நான்தான்னு வேற சொல்றீங்களா! என் முறை அக்கா இது. பதினொண்ணுலேருந்து பதினொண்ணு அம்பது. உங்க முறையில நான் ஒரு சொம்பு தண்ணி எடுத்திருக்கேனா?"

"இல்ல."

"வசந்தத்துல வாய்க்கால் தூர் வார்றப்ப நீங்க முதுகு வலின்னு படுத்துட்டீங்க. உங்க வாசலயும் சேத்து யாரு வாரினது?"

"நீதான்டி வாரின."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு" என்றாள் ஜுமாகுல்.

சண்டைக்கு வந்த இடத்தில் எதிராளி கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றால் என்ன செய்வது? கோபம் இறங்கவில்லை. போக இடமில்லாமல் இன்னும் மேலே ஏறியது. அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தாள். தகட்டில் முட்டிய தண்ணீர் ஜுமாகுலின் தோட்டத்துக்குள் போகவில்லை. அவளுடைய வெங்காயப் பாத்தியும் வெடித்துத்தான் கிடந்தது. தண்ணீர் பக்கத்துச் சந்தில் திரும்பி, யாருக்கும் உதவாமல், பெரிய ரோட்டுச் சாக்கடையை நோக்கி ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அடப்பாவிங்களா! திருடினாலாவது யாரோ ஒருத்தர் வயித்துக்குப் போச்சுன்னு இருக்கலாம். ரோட்டுக்கு விடறீங்க! சாக்கடைக்கு விடறீங்க! என் செடி அங்க நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்குது!"

தகட்டைப் பிடித்து இழுக்கக் குனிந்தாள். ஜுமாகுல் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மாவு அப்பியது.

"வேணாம்டி கண்ணு. கசீபெக் அண்ணன் சொல்லித்தான் எறக்குனேன். எதுவானாலும் அவர்கிட்ட கேளு."

கண்ணாம்! சைகல் கையை உதறினாள். ஜுமாகுலின் தோளுக்குப் பின்னால், திறந்த வாசல் வழியே முற்றம் தெரிந்தது. கல் அடுப்பின் மேல் சைகலின் கொப்பரை. அதில் எண்ணெய் காய்ந்து, போர்சோக் மாவுத் துண்டுகள் உப்பி மிதந்தன. பக்கத்துப் பலகையில் பிசைந்த மாவு மலைபோல இருந்தது. நூறு பேர் சாப்பிடுகிற மாவு.

"ஓ! விருந்தா? தெருவையே கூப்பிட்டிருக்கீங்க, என் கொப்பரையக் கூப்பிட்டிருக்கீங்க. என்னை மட்டும் கூப்பிடல. நல்லா இருங்க அக்கா! பொரிச்சதத் தின்னுட்டு என் கொப்பரையத் தேய்ச்சு அனுப்புங்க. எண்ணெய்க் கறை இருந்துச்சு, அப்ப இருக்கு உங்களுக்கு!"

ஜுமாகுல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புகைக்குத்தான் போலிருக்கிறது, முன்கையால் கண்ணைத் துடைத்தாள்.

கசீபெக் தெருவின் தலைமதகில் இருந்தார். லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு வருடமாக இந்தத் தெருவின் தண்ணீர் முறைக்காரர். தூர் வாருகிற நாளில் எல்லாரும் கை தூக்கி அவரைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், வேறு யாரையும் யாரும் நம்ப மாட்டார்கள். சட்டைப் பையில் ஒரு பழைய நோட்டு, கையில் ஒரு பழைய கடிகாரம். சொந்தத் தம்பிக்கே ஒரு நிமிடம் கூடக் கொடுத்ததில்லை, ஒரு நிமிடம் குறைத்ததுமில்லை. அதனால்தான் சைகலுக்கு நம்ப முடியவில்லை. இன்றைக்கு வாரநாளில் அவர் வெள்ளைக் கல்பாக் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கோட்டு வேறு மாட்டிக்கொண்டு, இரண்டு பெரியவர்களோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். சைகலைப் பார்த்ததும் மூவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"விருந்துக்குத்தான் இந்த அலங்காரமா அண்ணே?" என்றாள் சைகல். "நல்லாருக்கு. தண்ணிய ஏன் நிறுத்துனீங்க?"

"இன்னிக்கு வேணாம்மா. அடுத்த தடவ ரெண்டு பங்கா வாங்கிக்கோ."

"அடுத்த தடவ வரைக்கும் தக்காளி காத்துட்டிருக்குமா? நோட்ட எடுங்க. இந்த வியாழக்கிழமை பதினொண்ணு மணிக்கு யார் பேர் எழுதியிருக்கு?"

"உன் பேர்தான்."

"அப்புறம்?"

கசீபெக் தரையைப் பார்த்தார். மதகுக்கு எதிரே அந்த இரண்டு மாடி வீடு. போன வருடம் வந்து குடியேறியவர்கள். வெளியே தெரியாத அளவுக்கு உயர்ந்த சுவர், ஆனால் கம்பிக் கதவு வழியே உள்ளே இருப்பது தெரியும். பச்சைப் புல். வெறும் புல். அதன் நடுவே ஒரு குழாய் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. ஒரு ஆடு மேயாது, ஒரு மாடு மேயாது. யார் சாப்பிட இந்தப் புல்? சைகல் மண்வெட்டியை அந்தப் பக்கம் நீட்டினாள்.

"இங்க கேக்க மாட்டீங்க! இதுக்கு முறை கெடையாது, நோட்டு கெடையாது. தூர் வார வரச்சொன்னா வாட்ச்மேன அனுப்பி, 'ஐயா ஊர்ல இல்ல'ன்னு சொல்வாங்க. அவங்க புல்லு குளிக்கும். என் புள்ள குளிர்காலத்துல தின்ன வேண்டியது காயும். நாங்கதானே இளிச்சவாயங்க! புருஷன் வீட்ல இல்லாத பொம்பளதானே, கத்திட்டுப் போயிடுவான்னு நெனச்சுட்டீங்க. அவர் இங்க இருந்திருந்தா இந்தத் தகட்ட எறக்கியிருப்பீங்களா? சொல்லுங்க அண்ணே, எறக்கியிருப்பீங்களா?"

அந்த இரண்டு பெரியவர்களில் ஒருவர் திரும்பி பாப்ளர் மரத்தைப் பார்த்தார்.

"போனக் குடுங்க. அவர்கிட்டயே பேசறேன். அவர் கேட்டா பதில் சொல்லுவீங்கல்ல? என் போனத்தான் பெர்மெத் தூக்கிட்டுப் போயிட்டா."

"சார்ஜ் இல்லம்மா" என்றார் கசீபெக்.

சொல்லி முடிக்கவில்லை, அவர் கையிலிருந்த போன் மணியடித்தது. அவர் அதை நிறுத்தினார். மறுபடி அடித்தது. மறுபடி நிறுத்திக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏழு வருடத்தில் ஒரு பொய் சொல்லாத மனுஷன்! முகத்துக்கு நேரே, பட்டப்பகலில்! சைகலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணில் நீரும் வந்தது.

"வீட்டுக்குப் போ சைகல்" என்றார் அவர் மெல்ல. "நானே வரேன். இப்பவே பின்னாலயே வரேன்."

"வாங்க. வந்து காஞ்சு போன தோட்டத்த நல்லா கண்குளிரப் பாத்துட்டுப் போங்க."

இறங்கி நடந்தாள். இப்போது கால் சுட்டது. வாசல்களில் பெண்கள் நின்றார்கள். அவள் கடக்கும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. வழக்கமாக, "என்ன சைகல், கம்பெனி எப்படி ஓடுது?" என்று ஒரு குரலாவது வரும். கோழி தெருவுக்கு வந்தால்கூடப் பஞ்சாயத்து வைக்கிற தெரு இது. இன்றைக்கு அவள் மண்வெட்டியும் வெறுங்காலுமாக, ஊரையே திட்டிக்கொண்டு போகிறாள், ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று தனக்கு மட்டும் தெரியவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. அது என்னவாக இருக்கும் என்பதையும் அவளே கண்டுபிடித்துவிட்டாள். வீடு. மாமனார் பெயரில் இருக்கிற வீடு. அவர் போன பிறகு பாகம் பிரிக்கவில்லை. பெர்மெத்தின் புருஷன் போன மாதம் டேப்பை வைத்துக்கொண்டு வேலியை அளந்தான். அதற்குத்தான் பெரியவர்கள், அதற்குத்தான் கோட்டு, தொப்பி!

அவள் ஊகம் சரி என்றுதான் தோட்டமும் சொன்னது.

வாசல் விரியத் திறந்து கிடந்தது. கதவுகளைக் கீலிலிருந்து கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளே பெர்மெத்தும் நாலைந்து பெண்களும் குனிந்து தக்காளி பறித்துக்கொண்டிருந்தார்கள். பழுத்தது, பழுக்காதது, பிஞ்சு, எல்லாம். அவர்களுக்குப் பின்னால் இரண்டு ஆண்கள் செடிக்குக் கொடுத்திருந்த கொம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேலியோரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று வரிசை ஏற்கெனவே வெறும் தரை. பிடுங்கிய செடிகள் வேரில் மண்ணோடு மல்லாந்து கிடந்தன.

சைகல் கத்தினாள். தெருக்கோடி வரை கேட்டது.

"பெர்மெத்!"

பெர்மெத் நிமிர்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. "அண்ணி, ஒண்ணுகூட வீணாகாது. எல்லாம் கூடையில வச்சிருக்கோம். பச்சக் காயக்கூட வைக்கோல்ல போட்டு வைக்கலாம், பழுத்துடும்…"

"என் தோட்டத்துல பறிக்க உனக்கு யாருடி அதிகாரம் குடுத்தா?"

"எடம் வேணும் அண்ணி. முற்றத்துல வேற சமமான எடமே இல்ல. நீ எல்லாத்தையும் கொத்திட்ட. அப்பவே பெரியவங்க சொன்னாங்கல்ல, வீடுன்னா முற்றம் வேணும்னு…"

"ஆமா, உனக்கு எடம் வேணும்! நாலு மாசம் நான் முதுகு ஒடிஞ்சப்ப எங்க போயிருந்த? ஒரு நாள் களை எடுத்தியா? உங்க அண்ணன் வரட்டும். வந்ததும் இந்தச் செடி ஒவ்வொண்ணுக்கும் உன்னை நிக்க வச்சுக் கேக்கச் சொல்றேன்!"

பெர்மெத் கையிலிருந்த தக்காளியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அது உடைந்து மணிக்கட்டு வழியே வழிந்தது. ஒரு சத்தம் மட்டும் உள்ளேயே வந்து உள்ளேயே போனது. சைகல் அதைக் கேட்க நிற்கவில்லை. மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு போனாள். ஆண்கள் இருவரும் கொம்புகளைப் போட்டுவிட்டு ஒதுங்கினார்கள். பெண்கள் கூடையோடு சுவரை ஒட்டி நின்றார்கள். நாலு மாதம் பூட்டி வைத்திருந்த பலம் எல்லாம் கைக்கு வந்தது அவளுக்கு. முற்றத்தைக் காலி செய்கிறார்களா? செய்யட்டும். சேற்றில் எப்படிப் பாகம் பிரிக்கிறார்கள் பார்க்கலாம்!

மறுபடி ஜுமாகுல் வீட்டு வாசல். இந்தத் தடவை கேட்கவில்லை. மண்வெட்டியின் நுனியைத் தகட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். துருப்பிடித்த இரும்பு கிறீச்சிட்டது. சந்தில் நின்ற ஒருவன் தடுக்க ஓடி வந்தான்.

"விடு" என்றாள் ஜுமாகுல் அவனிடம். "தெறக்கட்டும். அவ தண்ணிதானே. விடுடா."

தகடு எகிறி ரோட்டில் போய் விழுந்தது. தண்ணீர் ஒரு கணம் யோசித்தது போல நின்று, பிறகு சைகலின் வீட்டுப் பக்கம் திரும்பியது. அவள் அதோடு கூடவே ஓடி வந்தாள். மேலே கசீபெக் தலைமதகையும் முழுக்கத் தூக்கிவிட்டிருக்க வேண்டும். இந்தக் கோடையில் வராத தண்ணீர் வந்தது, வாய்க்காலின் விளிம்பு வரை, சருகும் ஐஸ்கிரீம் காகிதமும் சுருட்டிக்கொண்டு. பயந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். கத்தினால்தான் இந்த ஊரில் நியாயம். மடையை வெட்டித் திறந்தாள். தண்ணீர் மிச்சமிருந்த வரிசைகளுக்குள் பாய்ந்தது, பிடுங்கிப் போட்ட செடிகளின் மேல் பாய்ந்தது, வெறுந்தரையாக்கிய மூன்று வரிசையையும் நிறைத்தது. வெடித்த மண் சுர்ரென்று குமிழ் விட்டது. சைகல் நடுவில் நின்றாள். கணுக்கால் வரை குளிர்ந்தது. பிடுங்கிய செடிகளில் இரண்டை நிமிர்த்திச் சேற்றில் ஊன்றினாள். மூன்றாவதை எடுத்தாள். மாலைக்குள் நட்டால் பாதியாவது பிழைக்கும். பச்சைக் காயைப் பழுக்க வைக்கலாம். பெர்மெத் சொன்னதும் ஒருவகையில் சரிதான். நாற்பத்தெட்டு இல்லாவிட்டாலும் நாற்பது தேறும். எட்டு ஜாடி குறைந்ததற்காகவா ஜெனிஷ் வராமல் இருந்துவிடுவான்?

வாசலில் ஒரு லாரி பின்னோக்கி வந்து நின்றது. அதனால்தான் கதவைக் கழற்றியிருக்கிறார்கள். லாரியின் மேலே சிவப்புச் சாயம் பூசிய வளைந்த கம்புகள், மடக்கிய மரச்சட்டங்கள், சுருட்டிக் கட்டிய கம்பளி. ஓட்டுநர் இந்தத் தெருக்காரன் இல்லை. கீழே குதித்தவன் செருப்போடு சேற்றில் புதைந்து, எரிச்சலோடு ஆரம்பித்தான்.

"என்ன கண்றாவி இது! காலையில போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, தரை காஞ்சிருக்கணும்னு! இந்தச் சேத்துல கூடாரத்த எப்படி நிறுத்தறது? கம்பளி நனைஞ்சா யார் பொறுப்பு? ஏம்மா, சாவு வீடு இதுதானே?"

யாரும் அசையவில்லை. தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

கம்பளிக் கூடாரம் இந்த நகரத்து முற்றங்களில் சும்மா எழும்பாது. வீட்டின் ஆள் ஒருவரை அதற்குள் கிடத்தி, ஊர் வந்து அழுவதற்காகத்தான் எழும்பும். அதற்குரியவளிடம் யாரும் தனியாக, போகிற போக்கில் சாவைச் சொல்லிவிடவும் கூடாது. பெரியவர்கள் சேர்ந்து வந்துதான் சொல்லவேண்டும். அதுவரை தெருவே வாயைக் கட்டிக்கொண்டிருக்கும். சைகலும் அப்படி இரண்டு முறை வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு முறையும் யாரோ ஒருத்தியின் திட்டை வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

"இது இல்ல" என்றாள் சைகல் ஓட்டுநரிடம். "தப்பா வந்துட்டீங்க. மேல போய்ப் பாருங்க."

"சீட்டுல நம்பர் இதான் போட்டிருக்கு."

"இது என் தண்ணி முறை. பதினொண்ணு அம்பது வரைக்கும் என்னுது. வண்டிய எடுங்க. செடி மேல ஏத்திடாதீங்க. எடுங்கன்னு சொல்றேன்ல!"

ஓட்டுநர் சுவரோரம் நின்ற பெண்களைப் பார்த்தான். அவர்களுடைய முகங்களைப் பார்த்தபிறகுதான் தான் செய்துவிட்ட காரியம் அவனுக்குப் புரிந்தது. லாரியின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அவனைத் தாண்டிப் பெரியவர்கள் உள்ளே வந்தார்கள். மூவராகப் புறப்பட்டவர்கள் இப்போது ஏழெட்டுப் பேர். எல்லார் தலையிலும் தொப்பி. கசீபெக் முன்னால் வந்தார். பூட்ஸைக் கழற்றவில்லை. கோட்டைத் தூக்கிப் பிடிக்கவில்லை. நேராகச் சேற்றுக்குள் இறங்கி அவள் எதிரே வந்து நின்றார். மூன்றாவது செடி இன்னும் அவள் கையில் இருந்தது.

"சொல்லாதீங்க அண்ணே" என்றாள். "நூத்திப் பன்னெண்டு ஆயிடுச்சு. போய் எண்ணிப் பாருங்க. சொல்லாதீங்க."

"நேத்து ராத்திரிம்மா. பல்காஷ் ஏரி ரோட்டுல. ரஷ்யாவுலேருந்து வந்த பஸ் உருண்டுடுச்சு. பதினாலு பேர்."

பல்காஷ். சைகல் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் மறுபடி அந்தக் கோபம் வந்தது, இம்முறை கிட்டத்தட்ட மகிழ்ச்சியோடு. தப்பு கண்டுபிடித்துவிட்டாள்!

"பாத்தீங்களா? அது அவர் இல்ல. அவர் யெகாடெரின்பர்க்ல இருக்காரு. பட்டறையில. டிசம்பர் வரைக்கும் அங்கதான். பல்காஷ் ரோட்டுல அவருக்கு என்ன வேலை? வேற யாரோ. ஒரே பேர்ல எத்தன பேர் இல்ல! சரியா விசாரிக்காம வந்து என் தோட்டத்தப் பிடுங்கிப் போட்டுட்டீங்களே! இப்ப இதுக்கு யார் பதில் சொல்றது? சொல்லுங்க, பல்காஷ் ரோட்டுல அவருக்கு என்ன வேலை?"

கசீபெக் வாயைத் திறந்தார். ஏழு வருடமாக நிமிடம் பிசகாமல் தண்ணீர் பிரித்துக் கொடுத்த மனிதருக்கு அந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"வந்துட்டிருந்தான்மா. திங்கக்கிழமை எனக்கு போன் பண்ணினான். வேலைய விட்டுட்டானாம். ஜாடியெல்லாம் ரொப்ப வேணாம், பந்தயத்துல நானே தோத்துட்டேன், அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அண்ணேன்னான். வியாழக்கிழமை எங்க முறை எத்தன மணிக்குன்னு கேட்டான். பதினொண்ணுன்னு சொன்னேன். 'அன்னிக்கு வாய்க்கால் மடைய நான்தான் வெட்டுவேன், அதுக்குள்ள வந்துடுவேன்'னு சொன்னான்."